வரையாட்டின் வீடு



தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு எங்கே வாழ்கிறது என்று கேட்டால், மேற்குத் தொடர்ச்சி மலையில் என்று பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நீலகிரியிலிருந்து கன்னியாகுமரி மலைகள் வரை ஒரு கோடு இழுத்து, உள்ளே வண்ணம் தீட்டிவிடலாம். ஆனால் அந்த வண்ணத்தின் பெரும்பகுதியில் ஆடு கிடையாது. நடுவே பாலக்காட்டுக் கணவாய், தேயிலைத் தோட்டங்கள், அணைகள், ஊர்கள். உச்சிப் புல்வெளியும் அதை ஒட்டிய செங்குத்துப் பாறையும் சேர்ந்திருக்கும் இடம்தான் அதன் வீடு. மேய்வது புல்லில், செந்நாயோ சிறுத்தையோ வந்தால் ஓடுவது பாறைக்கு.

அப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிக்கக் கணினி உதவுகிறது. ஆட்டை நேரில் கண்ட இடங்களைக் குறித்து, அவற்றின் உயரம், சரிவு, மழை, வெப்பம், தாவரம் ஆகிய விவரங்களைக் கொடுத்தால், அதே சாயல் வேறெங்கே உண்டு என்று மேக்ஸென்ட் போன்ற மென்பொருள்கள் தேடித் தருகின்றன. இதில் ஒரு சிக்கல். நம் கண்கள் சாலையோரத்தில்தான் அதிகம் மேய்கின்றன. பதிவுகள் அங்கேயே குவிந்தால், கணினியும் சாலையோரத்தையே நல்ல வாழிடம் என்று சொல்லிவிடும். ஆகவே, யாரும் ஏறாத முகடுகளுக்கும் போய்ப் பார்த்தே ஆகவேண்டும்; தேடியும் ஆடு தென்படாத இடத்தையும் எழுதிவைக்க வேண்டும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, வரைபடத்தின் பச்சை நிறம். ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்காகவும் பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகவும் நீலகிரிப் புல்வெளிகளில் சீகை மரத்தை நட்டார்கள். அது தானே விதைத்துக்கொண்டு பரவியது. செயற்கைக்கோளின் கண்ணுக்கு அதுவும் பச்சை. வனப்பரப்புக் கணக்கில் அது காடாகவே சேர்ந்துவிடும். புல்வெளியோ நெடுங்காலம் நம் நிலக் கணக்குகளில் தரிசு என்றே எழுதப்பட்டது. வரைபடத்தில் பச்சை கூடக்கூட வரையாட்டின் வீடு சுருங்கியது. மரம் நட்டால் நல்லது என்று நம்பிய நல்ல மனிதர்களும் இதற்குக் காரணம் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

வரையாட்டைக் காக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. 1975-இல் வரையாடுகளை ஆராய்ந்த முன்னோடி ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7 வரையாடு தினம். தமிழக அரசின் வரையாடு பாதுகாப்புத் திட்டமும் 2023-இல் தொடங்கியது. ஆடுகள் மறைந்துபோன பழைய வாழிடங்களில் அவற்றை மீண்டும் விடுவது அதன் நோக்கங்களில் ஒன்று. எந்த மலையில் விடுவது என்று முடிவெடுக்கும் முன், அங்கே பாறை இருக்கிறதா, புல் மிஞ்சியிருக்கிறதா, பக்கத்துக் கூட்டம் வந்து சேர வழியுண்டா என்று வரைபடத்தைக் கேட்க வேண்டும். சீகை மூடிய மலையென்றால், முதலில் மரத்தை எடுத்துப் புல்லை மீட்க வேண்டும். ஆட்டைக் கொண்டுபோவது அதற்கு அப்புறம்தான்.