விடை சரி, கேள்வி சரியா?

(பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நான் கணக்கு ஆசிரியர். சர்வாதிகாரத்தைப் பற்றிப் பேசக் கணக்கு ஆசிரியர் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

மனநலக் காப்பகம் ஒன்றைக் கட்ட 60 லட்சம் மார்க் செலவாகிறது. ஒரு வீட்டுக்கு 15,000 மார்க் என்றால், அந்தப் பணத்தில் எத்தனை வீடுகள் கட்டலாம்?

விடை 400. வகுத்தல் தெரிந்த எந்தப் பிள்ளையும் போட்டுவிடும். ஹிட்லர் ஆட்சிக்கால ஜெர்மனியின் பாடநூலில் இடம்பெற்ற கணக்கு இது. நோயாளிகள் நாட்டுக்குச் சுமை என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் கணக்கை முடித்த பிள்ளை அந்த முடிவுக்குத் தானே வந்துவிடும். தானே கண்டறிந்தது மனத்தில் ஆழமாகப் பதியும் என்பது நமக்குத் தெரியாததா? 1940, 1941 ஆண்டுகளில் அந்த அரசு 70,000-க்கும் மேற்பட்ட மனநோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் நச்சுவாயு செலுத்திக் கொன்றது.

இது ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1933 ஜனவரியில் ஹிட்லர் பிரதமரானார். ஏப்ரலில் வந்த சட்டம் யூத ஆசிரியர்களையும் அரசியல் எதிர்ப்பாளர்களையும் அரசுப் பணியிலிருந்து நீக்கியது. மே மாதம் நூல்களை எரித்தார்கள். சில ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லா ஆசிரியர்களும் நாஜி ஆசிரியர் சங்கத்தில் உறுப்பினர்கள். எல்லாரும் வெறியர்கள் அல்லர். வேலை போய்விடுமே என்ற அச்சத்தில் சேர்ந்தவர்களும் உண்டு.

இளைஞர்களை அச்சத்தால் மட்டும் பிடிக்கவில்லை. சீருடை, முகாம், மலையேற்றம், பாட்டு, சிறுவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பதவி ஆகியவற்றைக் கொடுத்து ஈர்த்தார்கள். 1939-இல் ஹிட்லர் இளைஞர் அமைப்பில் சேர்வது கட்டாயமானது. பிள்ளைகள் காதில் விழுமோ என்று பெற்றோர் வீட்டிலேயே குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் என்ற அண்ணனும் தங்கையும் அந்த அமைப்பில் ஆர்வத்தோடு சேர்ந்தவர்கள்தாம். அவர்கள் தந்தைக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் வாதம் நடந்தது. கேள்விக்கு இடம் இருந்தது. பின்னாளில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் அரசை எதிர்த்துத் துண்டறிக்கை பரப்பினார்கள். 1943 பிப்ரவரி 22-இல் இருவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சோஃபிக்கு வயது 21.

இனி என் கதை. பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். 4 ஆண்கள் 6 நாளில் முடிக்கும் வேலையை 8 பெண்கள் 6 நாளில் முடிப்பர் என்று அது தொடங்கும். ஒரு மாணவி எழுந்து, "ஏன் சார், பொம்பளைங்கன்னா பாதி வேலைதான் செய்வாங்களா?" என்றாள். "கணக்கைப் போடும்மா, கதை பேசாதே" என்று உட்கார வைத்தேன். அவள் விடை சரியாக இருந்தது. முழு மதிப்பெண் போட்டேன்.

அந்தக் கணக்கும் இந்தக் கணக்கும் ஒன்றல்ல. ஆனால் கேள்வி கேட்ட பிள்ளையை உட்கார வைத்த பழக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். கொடுத்த கணக்கையே கேள்வி கேட்கும் பிள்ளை நம் வகுப்பில் இருந்தால், அவளைச் சற்று நேரம் நிற்க விடுவோம். பாடம் ஐந்து நிமிடம் தாமதமானால் ஆகட்டும்.