எலி வளையும் எங்கள் லயமும்



பிரிஞ்சாங்கின் குளிரைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் குடியிருக்கிறோம். மழைக்காலத்து இரவில் பலகைத் தரையின் இடுக்குகள் வழியே காற்று ஊசி போல் ஏறி வரும். அதைத் தடுக்க நாம் என்ன செய்கிறோம்? பழைய சாக்கு, கிழிந்த சட்டை, செய்தித்தாள் என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் இடுக்கில் திணித்து வைக்கிறோம். காற்று நின்றுவிடுகிறது. ஆனால், சில நாள் சென்றதும் நள்ளிரவில் வேறொரு சத்தம் கேட்கத் தொடங்குகிறது. நாம் குளிருக்குத் திணித்த துணி எலிக்கு மெத்தையாகிவிட்டது!

இன்று அந்த இடுக்குகளைப் பற்றித்தான் பேசப் போகிறோம். 'இதுவும் ஒரு பேச்சா?' என்று நீங்கள் நினைக்கலாம். எங்களுக்கும் முன்பு அது சிறிய விஷயமாகத்தான் தெரிந்தது.

எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு படித்த ஒரு பையன் ஓட்டப் பந்தயத்தில் கெட்டிக்காரன். ஒரு திங்கட்கிழமை, 'கெண்டைக்கால் ரொம்ப வலிக்குது, சார்' என்றான். ஓடி விளையாடிய அலுப்பாக இருக்கும் என்று சொல்லி, உட்கார வைத்துவிட்டோம். மறுநாள் அவன் வரவில்லை. கடுமையான காய்ச்சல், தலைவலி, கண்களில் சிவப்பு. மருத்துவரிடம் கொண்டு சென்றார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, 'வீட்டில் எலி இருக்கிறதா?' என்பதுதான். எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. பத்து நாள் படுத்திருந்தான். நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டான். ஆனால், வலிக்கிறது என்று அவன் சொன்ன அன்றே அவன் தாயிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே என்ற எண்ணம் இன்றுவரை எங்களை விட்டுப் போகவில்லை.

எலிக்காய்ச்சல் எப்படி வருகிறது? லெப்டோஸ்பைரா என்னும் நுண்கிருமி எலியின் சிறுநீரில் வெளியாகிறது. அது ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் உயிரோடு இருக்கும். நம் காலில் உள்ள சிறு வெட்டுக் காயம், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் வழியாக உடலுக்குள் புகும். புகுந்து சில நாட்களிலிருந்து ஒரு மாதத்திற்குள் காய்ச்சல் காணும். முற்றினால் மஞ்சள் காமாலை உண்டாகும், சிறுநீரகம் கெடும், உயிருக்கே ஆபத்தாகும். தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சென்றால் மருந்து உண்டு.

ஜெர்மானிய மருத்துவர் அடோல்ஃப் வைல் 1886ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்து எழுதினார். 1915ஆம் ஆண்டு வாக்கில் ஜப்பானிய மருத்துவர்கள் இனாடாவும் இடோவும் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் தேங்கிய நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்த தொழிலாளர்களிடையே இந்நோய் அப்போது அதிகமாக இருந்தது. நம் நாட்டிலும் 1925ஆம் ஆண்டிலேயே இது இருப்பது கண்டறியப்பட்டது. 2010ஆம் ஆண்டு முதல், இந்நோய் கண்டால் மருத்துவர்கள் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

எலிக்கு வீட்டுக்குள் வர எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் நுழையும் துளையில் சுண்டெலி நுழையும். பெருவிரல் நுழையும் துளையில் எலி நுழையும். தலை நுழைந்துவிட்டால் போதும், உடலை நெளித்து உள்ளே வந்துவிடும். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. ஆண்டுக்குப் பத்துச் சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். ஆகவே அது ஓயாமல் கறுமிக்கொண்டிருக்கிறது. சிறிய துளையைப் பெரிதாக்குவது அதற்கு ஓர் இரவு வேலை. பெண் எலி மூன்று வாரம் சினையாக இருந்து, ஓர் ஈற்றில் ஆறு, எட்டுக் குட்டிகள் போடும். ஆகவே எலியைப் பிடிப்பதால் மட்டும் எலி ஒழியாது. வழி அடைபட வேண்டும்.

இதற்கு நமக்கு அருகிலேயே ஒரு வரலாறு உண்டு. 1911ஆம் ஆண்டில் ஜாவாத் தீவின் மாலாங் வட்டாரத்தில் பிளேக் நோய் பரவியது. பர்மாவிலிருந்து வந்த அரிசியோடு நோயுற்ற எலிகளும் கப்பலில் வந்து சேர்ந்தன என்கிறார்கள். அங்குள்ள வீடுகள் மூங்கிலால் கட்டியவை, ஓலை வேய்ந்தவை. உள்ளே வெறுமையாக இருந்த மூங்கிற் குழாய்களில் எலிகள் குடும்பம் நடத்தின. மனிதர்கள் அவற்றின் கீழே படுத்துத் தூங்கினார்கள். 1911இலிருந்து 1939 வரை இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அப்போது டச்சு அரசாங்கம் எடுத்த பெரிய நடவடிக்கைகளில் ஒன்று வீட்டைத் திருத்துவது. திறந்த மூங்கிலை அடைத்தார்கள். மூங்கிலுக்குப் பதில் மரமும், ஓலைக்குப் பதில் ஓடும் போட்டார்கள். இப்படி லட்சக்கணக்கான வீடுகள் மாற்றப்பட்டன. செலவில் ஒரு பங்கை ஏழைக் குடியானவர்களே கடனாகச் சுமந்தார்கள் என்பது அந்தக் கதையின் கசப்பான பகுதி. ஆனால், நோயை வீட்டின் இடுக்கிலேயே எதிர்க்கலாம் என்பதை அது காட்டியது.

இனி எங்கள் சொந்த அனுபவத்திற்கு வருவோம். மாணவன் நோயுற்றதும் நாங்கள் பயந்துபோனோம். எங்கள் வீடும் லயத்தில் ஒரு கதவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, குசினியிலும் படுக்கை அறையிலும் கண்ட இடுக்குகளை எல்லாம் அடைத்தோம். இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினோம். அந்த வாரக் கடைசியில் அடுத்த வீட்டுப் பாட்டி அஞ்சடியில் வந்து நின்றார். 'ஏன் வாத்தியாரையா, உங்க வீட்டு எலியை எல்லாம் எனக்குச் சீதனமா அனுப்பிட்டீங்களா?' என்று கேட்டார்.

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. 'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்று நம் முன்னோர் சொன்னார்கள். லயத்தில் நமக்குத் தனிக் கதவு உண்டு. தனி அடுப்பு உண்டு. ஆனால், தனித் தரை இல்லை. ஒரே தரையடி, ஒரே கூரை. பல லயங்களில் நடுச்சுவர் கூரைவரை எட்டுவதுகூட இல்லை. மேலே உத்திரத்தின் வழியாக எலி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகும். ஒரு வீட்டை அடைத்தால் எலி சாகாது. அடுத்த வீட்டுக்குக் குடிபெயரும். லயத்தை அடைத்தால்தான் எலிக்கு இடம் இல்லாமற் போகும். இன்றைய பேச்சில் நீங்கள் மறக்கக்கூடாத செய்தி இதுவே.

வேலையை எப்படிச் செய்வது? வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, வழியைக் கண்டுபிடிப்பது. இரவில் வீட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். ஒருவர் வீட்டுக்குள் டார்ச் விளக்கைத் தரையோடும் சுவர் ஓரத்தோடும் பிடித்து நகரட்டும். இன்னொருவர் வெளியில் நின்று பார்க்கட்டும். வெளிச்சம் கசியும் இடத்தில் சுண்ணக்கட்டியால் குறி போடுங்கள். தண்ணீர்க் குழாய் உள்ளே வரும் இடம், பலகையும் சுவரும் சேரும் மூலை, கதவின் அடிப்பாகம், கூரை ஓரம் ஆகியவற்றைத் தவற விடாதீர்கள்.

இரண்டாவது, எலி உள்ளே இருக்கும்போது அடைத்துவிடக் கூடாது. தரைக்கடியிலோ சுவருக்குள்ளோ அது செத்தால் நாற்றம் தாங்க முடியாது. வழி ஒவ்வொன்றிலும் கசக்கிய காகிதத்தைத் தளர்வாகச் செருகி வையுங்கள். வீட்டுக்குள் பொறி வையுங்கள். இரண்டு மூன்று இரவு காகிதம் அசையாமல் இருந்தால் அந்த வழியில் நடமாட்டம் இல்லை, அடைக்கலாம். பிள்ளைகள் தவழும் வீட்டில் எலி விஷம் வேண்டாம்.

மூன்றாவது, எதைக் கொண்டு அடைப்பது? துணி, காகிதம், பஞ்சு, டப்பாவிலிருந்து பீச்சும் நுரை இவை எல்லாம் எலிப் பல்லுக்குப் பலகாரம். சிமெண்டுத் தரையிலும் சுவரிலும் உள்ள துளைக்கு, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து, அதன்மேல் ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் கலந்த சாந்தைப் பூசுங்கள். நாரை மட்டும் வைத்தால் நம் ஊர் ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். சாந்து ஈரமாக இருக்கும்போது எலி தோண்டிவிடும். ஆகவே, இறுகும்வரை அதன்மேல் ஒரு தகரத்தை வைத்துக் கல்லேற்றி வையுங்கள். சிலர் உடைந்த கண்ணாடியைச் சாந்தில் கலப்பார்கள். வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகள் உள்ள இடத்தில் அது வேண்டாம்.

பலகைத் தரைக்குச் சாந்து நிற்காது. மிலோ டின்னையோ பிஸ்கட் டின்னையோ வெட்டித் தட்டையாக்கி, இடுக்கின்மேல் பதித்து, நெருக்கமாக ஆணி அடியுங்கள். வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கும். அதை மடித்துத் தட்டிவிடுங்கள். கதவின் அடியிலும் ஒரு நீளத் தகட்டை அடித்தால், பென்சில்கூட நுழையாது.

நான்காவது, எதை அடைக்கக் கூடாது? பலகைத் தரைக்குக் கீழே காற்று போகும் வழியையும், தண்ணீர் போகும் துவாரத்தையும் மூடிவிடாதீர்கள். காற்று இல்லாவிட்டால் பலகை உளுத்துப்போகும். அங்கே ஆறு மில்லிமீட்டர் கண் உள்ள கெட்டியான கம்பிவலையை அடியுங்கள். கோழிக் கூண்டுக்குப் போடும் வலை உதவாது. அதன் கண் பெரியது.

ஐந்தாவது, துப்புரவு. எலிப் புழுக்கையை உலர்ந்தபடி கூட்டாதீர்கள். தூசி மூக்கில் ஏறும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை அணிந்து, ஒரு பங்கு குளோராக்ஸ் போன்ற வெளுக்கும் நீரில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளியுங்கள். ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். வேறு மருந்து எதையும் அதனுடன் கலக்கக் கூடாது. அரிசியையும் கோழித் தீவனத்தையும் மூடியுள்ள டின்னில் வையுங்கள். காலில் காயம் உள்ள பிள்ளைகளை லயத்துப் பின்காட்டுக் கால்வாயில் விளையாட விடாதீர்கள்.

வேலை தொடங்கும் முன் தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். எழுத்தில் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்வது நல்லது. தொழிலாளர் குடியிருப்புகளை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் கூறுகிறது. தரைப் பலகை உளுத்துப்போயிருந்தால், டின் தகடு அடிப்பது நாம் செய்யும் அவசர உதவிதான். பலகையை மாற்றுவது அவர்கள் பொறுப்பு. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அது சலுகை அன்று, சட்டம். செவிசாய்க்காவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

பாட்டி கேட்ட கேள்விக்குப் பிறகு நாங்கள் லயம் முழுவதும் கதவு கதவாகப் போனோம். முன்பு எல்லாக் கதவுக்குப் பின்னாலும் தமிழ்க் குரல்தான் கேட்கும். இன்று வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்களும் நம்மோடு கொழுந்து எடுக்கிறார்கள். எங்கள் லயத்தின் கடைசி இரண்டு கதவுகள் அவர்களுடையவை. 'அவர்கள் வீட்டுக் குப்பைதான் எலிக்குக் காரணம்' என்று பேசியவர்கள் உண்டு. போய்ப் பார்த்தால், அவர்கள் வீட்டு இடுக்கும் நம் வீட்டு இடுக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தன. தெரிந்த மலாய் மொழியில் விளக்கினோம். அவர்களில் ஒருவர் தம் ஊரில் கொத்து வேலை செய்தவராம். நாங்கள் குழைத்த சாந்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கரண்டியைக் கையில் வாங்கிக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங்கில் லயம் முழுவதையும் முடித்தோம். பிள்ளைகள் டின் பொறுக்கினார்கள். பெண்கள் டார்ச் அடித்துக் குறி போட்டார்கள். பாட்டி எல்லாருக்கும் தேநீர் கலந்தார்.

எலி அடியோடு ஒழிந்தது என்று சொல்லமாட்டோம். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால், இரவில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். காலையில் வகுப்பில் கண் சொருகி உட்காரும் பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள்.

ஆகவே, நேயர்களே, இன்று இரவே விளக்கை அணைத்து உங்கள் தரையைப் பாருங்கள். பிறகு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பிள்ளை காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி என்று சொன்னால், அலுப்பு என்று ஆறுதல் சொல்லி இருந்துவிடாதீர்கள். அன்றே மருத்துவரிடம் கொண்டு போங்கள். வீட்டில் எலி உண்டு என்பதை அவர் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.