தோள் எந்தப் பக்கம் நிற்கிறது?

முடிந்தவர்கள் ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். எதிரே ஒரு டென்னிஸ் வலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் வலது கைக்காரர் என்றால், ஃபோர்ஹேண்ட் ஆடப்போவது போல உடம்பை வலப்பக்கம் திருப்புங்கள். வலது தோள் எங்கே போயிற்று? வலையை விட்டு விலகிப் பின்னால் போயிற்று. இப்போது பேக்ஹேண்டுக்காக இடப்பக்கம் திரும்புங்கள். அதே வலது தோள் முன்னால் வந்து வலையைப் பார்த்து நிற்கிறது. இடது கைக்காரர்கள் நான் சொல்வதை அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஏன் இவ்வளவு கடினம், ஏன் இவ்வளவு அழகு என்பதெல்லாம் இந்த ஒரு தோளிலிருந்துதான் தொடங்குகிறது. ஃபோர்ஹேண்டையே மறுபக்கம் ஆடினால் அது பேக்ஹேண்ட் என்று நினைத்துக்கொண்டு கற்பவர்கள் பலர். அப்படிக் கற்றால் அந்த அடி ஒருநாளும் கைக்கு வராது.

முதலில் ஃபோர்ஹேண்டைப் பார்ப்போம். பின்னால் போன தோள் முன்னே வருவதற்கு நிறைய தூரம் இருக்கிறது. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, அதைத் தொடர்ந்து நெஞ்சு திரும்ப, கடைசியில்தான் கை வருகிறது. நெஞ்சின் பெரிய தசைகள் முழு பலத்தோடு உதவுகின்றன. பந்தை அடிக்கும்போது ஆடுபவரின் மார்பு ஏறக்குறைய வலையை நோக்கித் திரும்பியிருக்கும். இதில் ஒரு பெரிய சலுகை உண்டு. பந்து எதிர்பார்த்ததைவிடச் சற்று உள்ளே வந்துவிட்டாலும் பாதகமில்லை. இடுப்பை இன்னும் வேகமாகத் திருப்பியோ மணிக்கட்டைச் சுழற்றியோ எப்படியாவது அனுப்பிவிடலாம். ஃபோர்ஹேண்ட் பிழை பொறுக்கும் அடி.

பேக்ஹேண்டில் தோள் ஏற்கெனவே முன்னால் நிற்கிறது. அந்தத் தோளிலிருந்து நீளும் கை இன்னும் முன்னால் போகிறது. ஆகவே பந்தைச் சந்திக்க வேண்டிய இடமும் ஃபோர்ஹேண்டைவிட நன்றாக முன்னால், முன்காலையும் தாண்டி இருக்கிறது. பந்து தன்னிடம் வரட்டும் என்று காத்திருப்பவருக்கு அந்த இடம் கிடைக்காது. முன்னதாகவே முடிவெடுத்து, முன்னதாகவே திரும்பி, வலது காலை எடுத்து வைத்துப் போய்ச் சந்திக்க வேண்டும். தாமதமானால், முழங்கை மடங்கி, மணிக்கட்டு உள்ளே வளைந்து, பந்தின் வேகம் முழுவதையும் முன்கையின் மெல்லிய தசைகள் தாங்கும்படி ஆகிவிடும். வாரக்கடைசியில் மட்டும் விளையாடும் பலருக்கு முழங்கையின் வெளிப்புறத்தில் வரும் வலிக்கு, டென்னிஸ் எல்போ என்று சொல்கிறோமே அதற்கு, இது ஒரு முக்கியக் காரணம். அடிக்கும் நொடியில் மணிக்கட்டு வளையாமல் உறுதியாக நின்றால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

அடுத்து உடம்பின் சுழற்சி. ஃபோர்ஹேண்டில் மார்பு திறக்கத் திறக்க பலம் கூடும். ஒற்றைக் கை பேக்ஹேண்டில் அதே பழக்கம் அடியையே கெடுத்துவிடும். மார்பு சீக்கிரம் திறந்துகொண்டால் கை பந்தின் பாதையை விட்டு விலகிவிடும். எனவே பந்தை அடித்த பின்பும் உடம்பு பக்கவாட்டிலேயே நிற்க வேண்டும். அதை நிறுத்தி வைப்பது எது? சும்மா இருப்பதாக நாம் நினைக்கும் இடது கை! ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்துப் பின்னே இழுப்பது அதுதான். தோளை நன்றாகத் திரும்ப வைப்பதும் அதுதான். வலது கை முன்னே பாயும்போது, இடது கை ராக்கெட்டை விட்டுவிட்டு நேர் எதிராகப் பின்பக்கம் போகிறது. இரண்டு கைகளும் விரிந்து நிற்கும் அந்தக் கோலத்தைப் புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். பார்வைக்கு அலங்காரமாகத் தெரியும். வேலை என்னவோ மார்பு திறந்துவிடாமல் பிடித்து நிறுத்துவதுதான். ஃபோர்ஹேண்டில் இதே இடது கை உடம்புக்கு முன்னால் நீண்டு, பிறகு மடங்கி உடலோடு ஒட்டிக்கொள்ளும், சுழற்சிக்கு வழிவிடும்.

பிடியும் மாறுகிறது. கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள் உண்டு. ஃபோர்ஹேண்டில் உள்ளங்கை கைப்பிடிக்குப் பின்னால் நின்று தள்ளும். பேக்ஹேண்டில் அது மேலே ஏறி உட்காரும். பந்து வந்து சேரும் அந்தச் சிறு இடைவெளியில் ராக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பதும் இடது கைதான்.

இந்த அடியின் பெரிய பலவீனம் தோள் உயரத்துக்கு எழும் பந்து. அந்த உயரத்தில் தோளின் பின்புறத் தசைகளுக்குப் பலம் கொடுக்க வழியில்லை. இதை ரஃபேல் நடாலைப் போல யாரும் பயன்படுத்தியதில்லை. இடது கைக்காரரான அவர் குறுக்காக அடிக்கும் ஃபோர்ஹேண்ட், கனத்த டாப்ஸ்பின்னோடு தரையில் பட்டு எழும்பி, நேராக ரோஜர் ஃபெடரரின் பேக்ஹேண்டுக்குத்தான் போய்ச் சேரும். பாரிஸின் செம்மண் தரையில் 2006, 2007, 2008, 2011 என நான்கு இறுதிப் போட்டிகளில் ஃபெடரர் நடாலிடம் தோற்றதில் அந்த உயரப் பந்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பிறகு 2017 ஜனவரி, மெல்போர்ன். முழங்கால் காயத்தால் ஆறு மாதம் ஆடாதிருந்து திரும்பியிருந்தார் ஃபெடரர். வயது 35. இறுதிப் போட்டியில் எதிரே அதே நடால். அன்று ஃபெடரர் பேஸ்லைனை விட்டுப் பின்வாங்கவில்லை. பந்து தோளுக்கு எழும்பும் முன்பே, அது ஏறிக்கொண்டிருக்கும்போதே முன்னே சென்று அடித்தார். வழக்கமாக ஸ்லைஸ் செய்து சமாளிக்கும் பந்துகளையும் துணிந்து ஓங்கி அடித்தார். 90 சதுர அங்குல ராக்கெட்டை விட்டு 97 சதுர அங்குலத்துக்கு 2014இலேயே மாறியிருந்ததும் கைகொடுத்தது. ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கியவர், அடுத்த ஐந்து கேம்களையும் வரிசையாக வென்று 6-3 என முடித்தார். பேக்ஹேண்டில் முன்னதாகச் சந்திப்பது என்றால் என்ன என்பதற்கு அந்தச் செட்டைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

ஃபெடரரின் நாட்டுக்காரரான ஸ்டான் வாவ்ரிங்கா கண்டது வேறு வழி. அவர் பேஸ்லைனுக்கு நன்றாகப் பின்னால் போய் நின்று, பந்து இறங்கி வர நேரம் கொடுத்து, பிறகு முழுத் தோளையும் போட்டு அடிப்பவர். 2015 பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் ஜோக்கோவிச்சை நான்கு செட்களில் வென்றது அந்த அடிதான். ஜஸ்டின் ஹெனின் 167 சென்டிமீட்டர் உயரத்தில் இதே ஒற்றைக் கை பேக்ஹேண்டோடு ஏழு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்றார். உயரம் குறைந்தவர்களுக்கு இது ஒத்துவராது என்று சொல்பவர்கள் அவருடைய ஆட்டத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் இந்த அடி அருகி வருகிறது. பெரும்பாலான பெரிய போட்டிகள் புல்தரையில் நடந்த காலத்தில் பந்து தாழ்ந்தே வந்தது. ஒற்றைக் கை போதுமானதாக இருந்தது. எழுபதுகளில் கானர்ஸ், போர்க், கிறிஸ் எவர்ட் ஆகியோர் இரட்டைக் கையின் பலத்தைக் காட்டினார்கள். தரையும் ராக்கெட்டும் மாற மாற, பந்து உயர்ந்தது, வேகம் கூடியது. 2024 பிப்ரவரியில், ஆடவர் தரவரிசை 1973இல் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக, முதல் பத்து இடங்களில் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஆடும் ஒருவர்கூட இல்லை.

எட்டு வயதுக் குழந்தையிடம் இரண்டு கையாலும் பிடி என்று பயிற்சியாளர் சொல்வதில் நியாயம் உண்டு. அந்தத் தோளுக்கு அப்போது பலம் போதாது. என் வேண்டுகோள் அதற்குப் பிந்திய வயதைப் பற்றியது. பீட் சாம்ப்ராஸ் இரட்டைக் கையை விட்டு ஒற்றைக் கைக்கு மாறியபோது அவருக்கு ஏறக்குறைய 14 வயது. அந்த வயதில் விருப்பமுள்ள பிள்ளைக்குச் சில மாதங்களாவது வாய்ப்புக் கொடுங்கள். போட்டி வேண்டாம், வேகமான பந்து வேண்டாம். இடுப்பு உயரத்துக்குக் கையால் பந்தைப் போட்டுக் கொடுத்து, முன்காலுக்கு முன்னால் சந்திக்கிறதா, இடது கை பின்னால் போகிறதா என்ற இரண்டை மட்டும் கவனித்தால் போதும்.