வெண்காரத்தை நிறுத்து இடுங்கள்
தோட்டத்து மண்ணில் போரான் குறையைப் பாதுகாப்பாக நீக்கும் முறை

(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



பயிருக்கு நுண்ணூட்டச் சத்துக்கள் தேவை என்பதை இன்று உங்களுக்குப் புதிதாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நெல்லுக்குத் துத்தநாக சல்பேட் இடுவதும், கரும்பு வெளுத்தால் அன்னபேதி கரைத்துத் தெளிப்பதும் ஊரெங்கும் பழக்கத்திற்கு வந்துவிட்டன. அந்த வரிசையில் இப்போது போரானும் வந்து சேர்ந்திருக்கிறது. தென்னையில் குரும்பை உதிர்ந்தாலும், பப்பாளியில் காய் கோணினாலும், தக்காளி வெடித்தாலும் "போரான் போடு" என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்லும் காலம் இது.

சொல்வது பல வேளைகளில் சரியாகவும் இருக்கும். ஆனால் போரானை மற்ற நுண்ணூட்டங்களைப் போல எண்ணிவிடக் கூடாது. துத்தநாகம் சற்றுக் கூடினால் பெரும்பாலும் காசுதான் வீண். போரான் சற்றுக் கூடினால் பயிர் கருகும். தேவையான அளவுக்கும் தீங்கான அளவுக்கும் இடையே உள்ள வரப்பு மிகக் குறுகியது. இன்று உங்களிடம் நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

போரான் எதற்குத் தேவை?

இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் காதரின் வாரிங்டன் என்ற அம்மையார், போரான் இல்லாமல் அவரை இனச் செடி வளர்ந்து நிறைவு பெறாது என்பதை 1923-ல் எடுத்துக்காட்டினார். செடியின் நுனி வளர்வதற்கும், செல்களின் சுவர் உறுதி பெறுவதற்கும், மகரந்தம் முளைத்துச் சூலை அடைந்து காய் பிடிப்பதற்கும் இச்சத்து வேண்டும். எனவே இது குறைந்தால் குருத்திலும், பூவிலும், காயிலும்தான் முதலில் தெரியும்.

தென்னையில் இளம் ஓலைகள் சுருங்கிக் குறுகி, ஓலை நுனி கொக்கிபோல் வளையும். குருத்து முழுமையாக விரியாது. பப்பாளியில் காய் மேடு பள்ளமாகி, தோலில் பால் கசியும். காலிபிளவரில் தண்டு உள்ளே குழலாகிப் பூ பழுப்பேறும். தக்காளியில் நுனிக்குருத்து கருகிப் பக்கக் கிளைகள் கிளம்பும், காய் வெடிக்கும்.

அறிகுறியை மட்டும் நம்ப வேண்டாம்

தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்து அழுகினால் அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தும் நீரும் சீராகக் கிடைக்காததால் வருவது. பப்பாளியில் இலை சுருங்கிக் காயில் வளையம் வளையமாகத் தெரிந்தால் அது நச்சுயிரி நோய். மிளகாயில் குருத்து சுருள்வது இலைப்பேனாலோ சிலந்தியாலோ இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் போரான் இட்டால் நோயும் தீராது, மண்ணும் கெடும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மண்ணில் போரான் இருந்தும் பயிருக்குக் கிட்டாமல் போவதுண்டு. மண் காய்ந்து கிடந்தால் வேர் அதை எடுக்க முடியாது. கோடையில் தோன்றிய அறிகுறி இரண்டு தண்ணீர் சீராகப் பாய்ச்சியதும் புதுக்குருத்தில் மறைந்துவிட்டால், குறை மண்ணில் இல்லை, பாசனத்தில்தான் இருந்தது என்று அறிந்துகொள்ளுங்கள். சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலும் இச்சத்து கட்டுண்டு போகும். மணற்பாங்கான செம்மண்ணில் மழையோடு கரைந்து கீழே இறங்கிவிடும்.

ஆகவே முதல் வேலை மண் பரிசோதனை. காய்கறித் தோட்டத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்து வடிவில் குழி வெட்டி, குழியின் பக்கங்களிலிருந்து மண்ணைச் சுரண்டி எடுங்கள். பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்து, நிழலில் உலர்த்திக் கலந்து, அரைக் கிலோ அனுப்பினால் போதும். நுண்ணூட்டப் பரிசோதனைக்கு மண் எடுக்கும்போது துருப்பிடித்த கருவியும் நாகமுலாம் பூசிய வாளியும் வேண்டாம். மரக்குச்சி, பிளாஸ்டிக் வாளி ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். பழைய உரச்சாக்கில் மண்ணைக் கட்டக் கூடாது. 2015-ல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் ஆராயப்படும் 12 இனங்களில் போரானும் ஒன்று. உங்கள் அட்டையில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பயிருக்குக் கிட்டும் போரான் பத்து லட்சத்தில் அரைப் பங்குக்கு, அதாவது 0.5 பி.பி.எம். அளவுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஓர் ஏக்கரில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உள்ள மேல்மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோ எடை இருக்கும். அவ்வளவு மண்ணிலும் சேர்த்து அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான போரான் இருந்தாலே இந்த அளவு எட்டிவிடும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் எவ்வளவு இடுவது என்பதில் தவறு நேராது.

எவ்வளவு இடுவது?

போரான் நமக்குக் கிடைக்கும் எளிய உருவம் போராக்ஸ். நம் நாட்டு வழக்கில் அதுதான் வெண்காரம். பொற்கொல்லர்கள் பற்றவைக்கப் பயன்படுத்துவது. இதில் போரான் சுமார் 11 சதவிகிதம். போரிக் அமிலத்தில் 17 சதவிகிதம். ஆகவே ஒன்றுக்குச் சொன்ன அளவை மற்றொன்றுக்குக் கொள்ளக் கூடாது. கடையில் வாங்கும்போது வெண்காரத்தையும் படிகாரத்தையும் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். படிகாரத்தில் போரான் இல்லை.

தக்காளிக்கு அடியுரமாக எக்டருக்கு 10 கிலோ போராக்ஸ் இடுமாறு பரிந்துரை உள்ளது. ஏக்கருக்கு 4 கிலோ. சென்டுக்கு 40 கிராம். ஒரு சதுர மீட்டருக்கு ஒரே ஒரு கிராம்.

ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிராம் என்பது கைக்கு அடங்காத அளவு. ஒரு கைப்பிடி வெண்காரம் 50 கிராமுக்குக் குறையாது. சத்துத்தானே என்று ஒரு சதுர மீட்டர் பாத்தியில் ஒரு கைப்பிடி போட்டால், போடவேண்டியதைப்போல் 50 மடங்கு போட்டதாகும். ஏக்கர் கணக்கில் உரம் இடும் பெரிய விவசாயியை விட, ஒரு சென்டிலும் இரண்டு சென்டிலும் வீட்டுத் தோட்டம் போடுகிறவருக்கே இந்த ஆபத்து அதிகம்.

தென்னை வைத்திருப்போர் மற்றொன்றைக் கவனிக்கவேண்டும். குருத்துச் சுருக்கம் கண்ட மரத்துக்கு 50 கிராம் வெண்காரம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஆண்டுக்கு இரு தடவை இடுவது வழக்கம். அந்த 50 கிராம், மரத்திலிருந்து 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தி முழுவதும், அதாவது சுமார் 10 சதுர மீட்டரில் பரவலாக விழுகிறது. தென்னைக்கு வாங்கியதில் மீந்ததை, அதே "மரத்துக்கு 50 கிராம்" கணக்கில் பக்கத்து எலுமிச்சைக் கன்றின் சிறு பாத்தியில் கொட்டுவோர் உண்டு. போரான் மிகுதியை எளிதில் தாங்காத பயிர்களில் எலுமிச்சை முன்னணியில் நிற்பது. சில வாரங்களில் அதன் முதிர்ந்த இலைகளின் நுனியும் ஓரமும் மஞ்சளித்துக் கருகும். அதைப் பார்த்துச் சத்து இன்னும் போதவில்லை என்று எண்ணி மீண்டும் ஒரு கைப்பிடி போட்டால், கன்று தப்புவது அரிது.

இதைத் தவிர்க்க ஒரே ஓர் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பயிர்களில் போரான் குறைந்தால் இளங்குருத்து கெடும். கூடினால் முதிர்ந்த இலையின் ஓரம் கருகும். உப்பு நீராலும் சாம்பல் சத்துக் குறைவாலும் முதிர்ந்த இலை ஓரம் கருகலாம். எதனால் ஆயினும், முதிர்ந்த இலை கருகும் செடிக்கு வெண்காரம் மருந்தல்ல.

எப்படி இடுவது?

சிறு தோட்டத்துக்கு எளிய வழி ஒன்று சொல்கிறேன். பத்து கிராம் வெண்காரத்தைத் தராசில் சரியாக நிறுத்து, ஒரு குவளை வெந்நீரில் நன்கு கரைத்து, 10 லிட்டர் பூவாளி நீரில் கலந்துகொள்ளுங்கள். நடவுக்கு முன் அதை 10 சதுர மீட்டர் பாத்தியில் ஒரே சீராக ஊற்றுங்கள். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் விழுந்தால் ஒரு கிராம் விழுந்ததாகும். பெரிய நிலமானால் ஏக்கருக்குரிய 4 கிலோவை உலர்ந்த மணலுடனோ பொடித்த தொழுஉரத்துடனோ கலந்து, நிலத்தை இரு பாதியாகப் பிரித்துச் சீராகத் தூவி மண்ணில் கலக்கவேண்டும். விதையின் மேலும், தண்டை ஒட்டியும் விழக் கூடாது.

நிற்கும் பயிரில் ஐயம் இருந்தால் இலைவழியே கொடுத்துப் பார்க்கலாம். லிட்டருக்கு ஒரு கிராம் போரிக் அமிலம், அதாவது 0.1 சதவிகிதக் கரைசல். பப்பாளிக்கு நட்ட 4-ஆம் மாதமும் 8-ஆம் மாதமும் இந்த அளவில், 0.5 சதவிகிதத் துத்தநாக சல்பேட்டுடன் சேர்த்துத் தெளிக்குமாறு பரிந்துரை உள்ளது. காய்கறியில் முதலில் நாலைந்து செடிகளுக்கு மட்டும் காலை அல்லது மாலை வேளையில் தெளித்து, மற்றவற்றை அப்படியே விட்டு வையுங்கள். அடுத்து வரும் குருத்து நலமாக வந்தால் நோக்கம் சரி. கெட்டுப்போன பழைய இலை திருந்தாது. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பூச்சி மருந்துடன் சேர்த்துத் தெளிக்கவேண்டாம்.

ஒரு முறை மண்ணில் இட்டபின், மறுமுறை மண்ணைப் பரிசோதித்த பின்னரே இடவேண்டும். கிணற்று நீரையும் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளுங்கள். சில ஆழ்குழாய் நீரில் போரான் இயல்பாகவே மிகுந்திருக்கும். தொழுஉரமும், மக்கிய குப்பையும், அடுப்புச் சாம்பலும் சிறிதளவு போரானைத் தருகின்றன. ஆண்டுதோறும் தொழுஉரம் இடும் தோட்டத்தில் இக்குறை எளிதில் வராது.

கூடிவிட்டால்?

மண்ணில் கூடிய போரானை முறிக்க மருந்து கிடையாது. நல்ல நீரைத் தேங்காமல் வடியும்படி பலமுறை பாய்ச்சிக் கீழே இறக்குவதே வழி. மணற்பாங்கான நிலத்தில் இது விரைவில் பலன் தரும். களிமண்ணில் நெடுநாள் பிடிக்கும். கருகிய இலைகளில் போரான் சேர்ந்திருக்குமாதலால் அவற்றை அதே பாத்தியில் மூடாக்காகப் போடாமல் அப்புறப்படுத்துங்கள். அவ்விடத்தில் பீன்ஸ், எலுமிச்சை போன்றவற்றைத் தவிர்த்து, ஓரளவு தாங்கக்கூடிய பீட்ரூட், முட்டைக்கோசு ஆகியவற்றைப் பயிரிடலாம்.

வீட்டில் எச்சரிக்கை

வெண்காரமும் போரிக் அமிலமும் பார்வைக்கு உப்பையும் சோடா உப்பையும் போலிருக்கும். சமையலறையில் வைக்கவே கூடாது. பெயர் எழுதி ஒட்டிய மூடியுள்ள டப்பாவில், குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாதபடி பூட்டி வையுங்கள். நிறுக்கும் தட்டும் கரைக்கும் குவளையும் சமையலுக்குத் திரும்பக் கூடாது. தூவும்போது கையுறை அணிந்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். யாரேனும் தவறி விழுங்கிவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல், அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

விவசாயப் பெருமக்களே, அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது போரானுக்கு அப்படியே பொருந்தும். முதலில் மண்ணைச் சோதியுங்கள். பின் தராசில் நிறுங்கள். ஒரு முறை இட்டுவிட்டு அடுத்த குருத்து வரும்வரை பொறுங்கள். கையளவில் உரம் இட்டுப் பழகிய நமக்கு இது சற்றுச் சிரமமாகத் தோன்றலாம். ஆனால் பத்து கிராம் நிறுக்க ஆகும் ஐந்து நிமிடம், பல ஆண்டுகள் பாடுபட்டுப் பண்படுத்திய தோட்டத்து மண்ணைக் காக்கும் என்பதை எண்ணி, இம்முறையைக் கடைப்பிடித்துப் பயன்பெறுங்கள்.