மாற்றுத்திறனாளிகளும் அரசு மருத்துவக் காப்பீடும்

(விழா நாள் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களை நாம் போற்றி வருகிறோம். அவற்றுள் ஔஷத தானம் பிறர் நோய் தீர நாம் அளிப்பது. இன்று நான் பேச வந்தது, நம் இல்லத்திலேயே இருக்கும் ஒருவருக்குச் சட்டப்படி வந்துசேர வேண்டிய மருத்துவ உதவியைப் பற்றி.

பிறவியிலோ, நோயாலோ, விபத்தாலோ உடற்குறைபாடு உற்றவரையும், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடைய பிள்ளையையும் பேணும் குடும்பங்களுக்கு மருத்துவச் செலவு ஓராண்டோடு முடிவதில்லை. அச்செலவில் பங்கேற்க அரசுத் திட்டங்கள் உள்ளன. ஆயினும், குறைபாடு இருப்பது மட்டும் போதாது. அது முறைப்படி சான்றளிக்கப்பட்டிருக்கவும் வேண்டும். தகுதி இருந்தும் சான்று இல்லாமையால் உதவியை இழக்கும் நிலை நம் குடும்பங்களில் நேரக்கூடாது என்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் சட்டம் கூறுவதைக் காண்போம். 1995 ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றிருந்தது. 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதனை 21 ஆக விரித்தது. இச்சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. பார்வை, செவித்திறன், கை கால் இயக்கம் ஆகியவற்றின் குறைபாடுகளோடு, மனநோய், கற்றல் குறைபாடு, நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய், தலசீமியா, ஹீமோபிலியா முதலியனவும் இப்பட்டியலில் அடங்கும். ஆகவே இது குழந்தைகளுக்கு மட்டும் உரிய செய்தியன்று. நடுக்குவாதத்தால் தளர்ந்த பாட்டனாருக்கும், சர்க்கரை நோயால் காலை இழந்த பெரியவருக்கும் உரியதே. சட்டத்தின் பல சலுகைகளுக்கு 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு இருத்தல் அளவுகோலாகும்.

இந்த விழுக்காட்டை மதிப்பிட்டுச் சான்றளிப்பது அரசு நியமித்த மருத்துவ அலுவலரின் அல்லது மருத்துவக் குழுவின் பொறுப்பு. இப்போது இச்சான்றும் யூ.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும் ஒரே விண்ணப்பத்தின் வழியாகக் கிடைக்கின்றன. ‘ஸ்வாவலம்பன்’ என்னும் இணையதளத்தில் ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவற்றோடு பதிவு செய்து, குறித்த நாளில் மருத்துவமனைக்கு நேரில் செல்ல வேண்டும். முன்பு எடுத்த ஸ்கேன், மருத்துவக் குறிப்பு, சிகிச்சைச் சீட்டு அனைத்தையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். வழிகாட்டுதல் வேண்டுவோர் தத்தம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். சான்று மறுக்கப்பட்டாலோ, மதிப்பீடு தவறென்று கருதினாலோ, காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு.

இனி, காப்பீட்டுக்குச் செல்லும் வழிகளைப் பார்ப்போம்.

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நம்மில் பலரும் அறிந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இதில் சிகிச்சை பெறலாம். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதனோடு இணைக்கப்பட்டுள்ளது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அத்திட்டத்துக்கு ஊரகக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்த அளவுகோல்களுள், குடும்பத்தில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருந்து, உடல் வலிமையுள்ள வயதுவந்தோர் எவரும் இல்லாமையும் ஒன்று. எனினும் இவை பெரிதும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உதவுவன. வாரந்தோறும் இயன்முறை மருத்துவத்துக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் செல்லும் பிள்ளையின் அன்றாடச் செலவு இவற்றால் தீராது.

அந்த இடத்தில் துணை நிற்பது ‘நிராமயா’ காப்பீடு. நோயற்ற நிலை என்பது அச்சொல்லின் பொருள். 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை இதனை நடத்துகிறது. ஆட்டிசம் எனப்படும் புறஉலகச் சிந்தனையற்ற நிலை, மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு நிலைகளுள் ஒன்றை உடையவர்க்கே இது உரியது. முன்னர்க் கூறிய நடுக்குவாதத்துக்கும் காலிழப்புக்கும் இது பொருந்தாது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. வயது வரம்பு இல்லை. சேருமுன் மருத்துவப் பரிசோதனை இல்லை. ஏற்கெனவே உள்ள குறைபாடு என்று காட்டி விலக்குவதும் இல்லை. வெளிநோயாளர் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, தொடர் பயிற்சிகள், மாற்று மருத்துவம், போக்குவரத்து ஆகியவற்றுக்கும் தனித்தனி உள்வரம்புகளுக்கு உட்பட்டு இதில் இடம் உண்டு.

சேர்க்கைக் கட்டணம் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கு 250 ரூபாய், மற்றவர்க்கு 500 ரூபாய். தேசிய அறக்கட்டளையில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனங்களின் வழியாக விண்ணப்பிக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: பணத்தை நாம் முதலில் செலுத்தி, மூல ரசீதுகளை அனுப்பிப் பின்னர்த் திரும்பப் பெறுவதே இதன் முறை. ரசீது இல்லாத செலவு திரும்பி வாராது. இக்காப்பீடு ஆண்டுதோறும் மார்ச் 31 அன்று முடிவதால், அதற்கு முன்னரே புதுப்பித்துவிட வேண்டும்.

மூன்றாவது வழி தொழிலாளர் அரசு காப்பீடாகிய ஈ.எஸ்.ஐ. இத்திட்டத்தில் சேர மாத ஊதிய வரம்பு பிறருக்கு 21,000 ரூபாய். மாற்றுத்திறனாளிக்கு 25,000 ரூபாய். மேலும், காப்பீடு பெற்ற தொழிலாளியின் பிள்ளை உடல் அல்லது மனக் குறைபாட்டால் முற்றிலும் பெற்றோரைச் சார்ந்திருந்தால், வயது கடந்த பின்னும் அந்நிலை நீடிக்கும் வரை குடும்ப உறுப்பினராகவே கருதப்படுவார். நம் இளைஞர்கள் பலர் ஆலைகளில் பணிபுரிகின்றனர். அவர்கள் இதனை அறிந்திருத்தல் நன்று.

இத்தனை வழி இருந்தும் சில குடும்பங்கள் தயங்குவது ஏன்? நம்முடையது சிறிய சமுதாயம். எல்லாரும் எல்லாரையும் அறிவர். “சான்று வாங்கினால் ஊருக்குத் தெரியும், தங்கைக்கு வரன் அமையாது” என்று அஞ்சுவோர் உண்டு. உறவினர் அறியாத குறை எதுவும் அந்தச் சான்றில் எழுதப்படுவதில்லை. சான்றைத் தவிர்ப்பதால் மறைவது குறை அன்று, பிள்ளைக்கு வரவேண்டிய உதவியே. “நாங்கள் கொடுத்துப் பழகியவர்கள், கேட்டுப் பழக்கம் இல்லை” என்போரும் உண்டு. நிராமயாவில் சேர வருமான வரம்பே இல்லை. வருமானத்துக்கேற்பக் கட்டணம் மட்டுமே வேறுபடும். குடிமகனுக்குச் சட்டம் அளித்ததைப் பெறுவது இரத்தல் ஆகாது.

தாய்மார்களின் நெஞ்சை அழுத்தும் கேள்வி ஒன்று உண்டு: “எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?” மேற்சொன்ன நான்கு நிலைகளில் உள்ளவர்க்கு 18 வயது நிறைந்த பின், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் நிலைக்குழு சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கிறது. பெற்றோர் நலமுடன் இருக்கும்போதே இதனையும் செய்து வைத்தால், காப்பீட்டைப் புதுப்பிக்கவும் சிகிச்சைக்கு ஒப்புதல் தரவும் பின்னாளில் பொறுப்புடைய ஒருவர் இருப்பார். சான்று இல்லையேல் இவ்வேற்பாட்டுக்கும் வழியில்லை.

நிறைவாக இரண்டு வேண்டுகோள்கள். இல்லத்தில் இத்தகைய ஒருவர் இருந்தால், இவ்விழா முடிந்து ஊர் திரும்பியதும் அவருடைய மருத்துவக் குறிப்புகளை ஒரு கோப்பில் தொகுத்து, சான்றுக்குப் பதிவு செய்யுங்கள். படித்த இளைஞர்களே, ஊருக்கு இருவராக முன்வந்து, இணையத்தில் விண்ணப்பிக்க அறியாத முதியோர்க்கும் தாய்மார்க்கும் உதவுங்கள். மருத்துவமனைக்கு அவர்களோடு ஒருநாள் சென்று வாருங்கள். பொருளால் இயலாதவரும் உழைப்பால் செய்யக்கூடிய ஔஷத தானம் அது.