கேட்ட செவியின் பழி



சிலப்பதிகாரம் பேச மதுரைக்கோ பூம்புகாருக்கோ போகாமல் சாத்தாங்காட்டு இரும்பு அங்காடிப் பக்கம் ஏன் கூடினீர்கள் என்று சிலர் கேட்டார்கள். பக்கத்தில் திருவொற்றியூர்க் கோயிலில் வட்டப்பாறை அம்மன் இருக்கிறாள். அவளைக் கண்ணகியோடு சேர்த்துச் சொல்வது இந்த வட்டாரத்து வழக்கு. தன் கணவன் கோவலனின் கொலைக்காகக் கண்ணகி யார்முன் வழக்குரைத்தாளோ அந்த அரசனைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

பிறன் பேச்சைக் கேட்டு ஏமாந்தவனைப் பெருமகன் என்று கொள்ளலாமா? ஒத்தெல்லோ நாடகத்தின் நாயகனை வைத்து ஆங்கிலத் திறனாய்வாளர்கள் இதை நெடுநாள் வழக்காடினார்கள். இயாகோவின் வஞ்சகத்துக்கு முன் யாராக இருந்தாலும் ஏமாந்திருப்பார்கள் என்ற பக்கம் நின்றார் பிராட்லி, 1904இல். ஒத்தெல்லோவின் தற்பெருமையே அவனைக் கெடுத்தது என்று 1937இல் மறுத்தார் லீவிஸ். உ.வே.சா. 1892இல் அச்சேற்றித் தந்த நம் காப்பியத்தில் இந்த வழக்கு இன்னும் கடுமையானது. ஒத்தெல்லோவை வீழ்த்தக் கைக்குட்டை வேண்டியிருந்தது, கட்டிவிட்ட பொய்கள் வேண்டியிருந்தன. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு ஒரு பேச்சே போதுமானதாக இருந்தது.

அந்தப் பொழுதைப் பாருங்கள். ஆடல் மகளிரிடம் அரசன் மனம் போனதென்று ஊடிய தேவி, தலைநோவு என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அவளைத் தேடிப் போகிறவனின் வழியில், அவள் சிலம்பைத் தானே களவாடிய பொற்கொல்லன் வந்து விழுகிறான், அதைத் திருடிய கள்வன் அகப்பட்டான் என்கிறான். அரசன் விசாரிக்கவில்லை. சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவாருங்கள் என்று காவலரை ஏவிவிட்டு நடக்கிறான். கொல்வதற்காகக் கொண்டுவரச் சொல்ல நினைத்தவன் ஊழால் வாய் தவறினான் என்று வாதிடுவாரும் உண்டு. எனக்கு அது மனம் ஒப்பவில்லை. அரசனின் கருத்து அப்போது அந்தப்புர வாசலில் இருந்தது.

ஏவப்பட்ட காவலரோ கள்வன் என்று காட்டப்பட்ட கோவலன் முகத்தைப் பார்த்துத் தயங்கினார்கள். இவன் தோற்றத்தில் களவு தெரியவில்லையே என்றார்கள். மந்திரம், மருந்து, நிமித்தம் என்று கள்வர் கைக்கொள்ளும் எட்டு வழிகளைப் பொற்கொல்லன் அவர்களுக்கு விரித்துரைக்க வேண்டியிருந்தது. கூலிக்கு வேல் பிடித்தவனுக்கு வந்த ஐயம் கோல் பிடித்தவனுக்கு வரவில்லை. இங்கே இரும்பு ஏற்றும் லாரியை வெறுமையாக ஒருமுறை, சரக்கோடு ஒருமுறை எடைமேடையில் ஏற்றுகிறோம். வாய்ச்சொல்லை நம்பி யாரும் சரக்கை வெளியே விடுவதில்லை. அந்த அளவு ஆராய்தல்கூட ஓர் உயிருக்குக் கிடைக்கவில்லை. ஏமாந்ததால் அரசனின் பெருமை குறைந்ததா என்றால், குறைந்தது என்றே சொல்வேன்.

ஆனால் கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்து, கோவலன் கள்வனல்லன் என்று தெரிந்த பிறகு அரசன் பேசியதை நாம் இன்னும் ஊன்றிப் படிக்க வேண்டும். வஞ்சித்தவனைப் பிடித்து வாருங்கள் என்று அவன் ஆணையிடவில்லை. பொற்கொல்லன் அரசனின் பேச்சில் வருகிறான், ஆனால் அவன் சொல்லைக் கேட்ட 'நான்' என்பதற்கு அடைமொழியாகத்தான் வருகிறான். 'யானே கள்வன்' என்று கள்வன் பட்டத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொள்வது கேட்டவன். ஒத்தெல்லோ சாகுமுன் தன்னைப் பற்றி ஊர் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிவைக்கிறான். பாண்டியன் தனக்காக ஒரு சொல்லும் கேட்கவில்லை, விழுந்து இறந்தான். போன பெருமை அந்த ஒரு வாக்கியத்தில் திரும்பியது என்று நான் நம்புகிறேன். கோவலன் திரும்பவில்லை என்பதையும் மறக்கமாட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நம் வேலை எளிது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பத்தினிக்குப் பலியிட்டான் என்கிறது நூல். இறந்தவன் தன் செவிமேல் வைத்த பழியை, அடுத்து வந்தவன் ஒரு குலத்தின்மேல் இறக்கிவைத்தான். அந்த ஆயிரம் பேரில் தேவியின் சிலம்பைத் தொட்டவர் எத்தனை பேர்? நம் உரைகளில் இவர்களைப் பற்றி மிகக் குறைவாகவே படித்திருக்கிறேன். இன்றைய அமர்வுகளில் நெடுஞ்செழியனின் பெருமையை எடைபோடுகிறவர்கள் இந்த ஆயிரம் பேரையும் தட்டில் ஏற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.