கருப்பர் நகரத்து மதில்

வெள்ளையர், கருப்பர் என்ற பிரிவு பிறப்போடு வந்ததல்ல, ஆட்சி வகுத்தது என்பதற்கு வடசென்னையே சான்று. புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டி ஐரோப்பியர் வாழ்ந்த பகுதிக்கு முதலில் கிறித்தவர் நகரம் என்றுதான் பெயர். 18ஆம் நூற்றாண்டில் அது வெள்ளையர் நகரமானது. வடக்கே தமிழரும் தெலுங்கரும் வாழ்ந்த பகுதி கருப்பர் நகரம். இந்த எல்லையும் நிலையாக நிற்கவில்லை. ஆர்மீனிய வணிகர்களுக்கு வெள்ளையர் நகரத்திலேயே வீடுகள் இருந்தன. பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1749இல் சென்னையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, எதிரிக்கு உதவியவர்கள் என்று சந்தேகித்து, ஆர்மீனியருக்கும் கத்தோலிக்கருக்கும் அங்கே இடமில்லை என்றது. அவர்களுடைய தோலின் நிறம் என்னவோ அதேதான்.

பழைய கருப்பர் நகரம் இடிக்கப்பட்டது. கோட்டைப் பீரங்கிகளுக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் என்பது காரணம். அந்த மண்ணில்தான் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது. குடியிருந்தவர்கள் முத்தியால்பேட்டைப் பக்கம் போனார்கள். இந்த எல்லைக்குள் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது என்று 1773இல் நட்ட கல் ஒன்று பாரிமுனையில் இன்னும் இருக்கிறது.

ஹைதர் அலியின் படையெடுப்புக்குப் பிறகு புதிய கருப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுந்தது. அதன் மூலைக் கொத்தளம் இருந்த இடமே மூலக்கொத்தளம் என்பார்கள். மதிலின் செலவை உள்ளே வாழ்ந்தவர்கள் தலையிலேயே வரியாகக் கட்டக் கம்பெனி முனைந்தது. அந்த வரி நிறைவேறவில்லை, வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. மதிலில் மிஞ்சிய துண்டு, பழைய சிறைச்சாலை சாலையில் மாடிப்பூங்காவாக இருக்கிறது.